இடிந்த கோட்டையும் இடியாத கோட்டையும்



கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று வீடுதோறும் யோசனை நடக்கிறது. சீமையிலே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், திராட்சைக் கொடி படர்ந்த சரிவுகளுக்கு மேலே பழைய பிரபுக்களின் கோட்டைகள் நிற்கின்றன. அவற்றைப் பார்க்க வருஷந்தோறும் ஜனங்கள் திரள்திரளாகப் போகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இடைசெவலிலிருந்து தெற்கே போனால் கயத்தாறு. 1799-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. கிழக்கே ஓட்டப்பிடாரத்துக்கு அருகில் பாஞ்சாலங்குறிச்சி. கோட்டை பார்க்கிறவர்கள் அங்கே போய்வாருங்கள். ஆனால் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். புத்தியாலும் பாருங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே இன்று எழும்பி நிற்கிற கட்டடம் 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டை மண்கோட்டை. கட்டபொம்மன் பிடிபட்டபின் அதை ஆங்கிலேயர் இடித்தார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். இடித்த கோட்டையை ஜனங்கள் கூடி ஆறே நாளில் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31-ந் தேதி அதன்மேல் பாய்ந்த கும்பினிப் படை பலத்த சேதத்தோடு பின்வாங்கிற்று. பீரங்கிகளும் புதுப் படைகளும் வந்து சேர்ந்த பிறகே, மே மாதம் 24-ந் தேதி கோட்டை விழுந்தது. இம்முறை சுவடு தெரியாதபடி தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று நம் பெரியோர் சொல்லுவார்கள்.

பீரங்கி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சீமையை அந்நியன் கையில் கொடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. இந்த நிலம் உன்னதா என்னதா என்று இரு பாளையத்தாரும் மல்லுக்கு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கப் பிடியாமல் நின்ற அந்த இடைவெளியில் மூன்றாம் மனிதன் நுழைந்தான். ஒரு பாளையம் அழிந்தது. மற்றது கும்பினியார் பக்கம் நின்று, அழிந்ததன் நிலத்தில் பங்கு பெற்றது. ஆனால் 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த ஆளுகையும் போயிற்று. யாருடைய எல்லைக்காக இரத்தம் சிந்தினார்களோ, அவர்களில் ஒருவருக்கும் இன்று அந்த எல்லை இல்லை. அதே கரிசல் மட்டும் வருஷம் தவறாமல் கம்பும் பருத்தியும் விளைந்துகொண்டிருக்கிறது. மண் யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, சகோதரரே.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் பங்கிலேயே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், நடுச்சுவருக்காகவும், ஒரு முழ வரப்புக்காகவும், கிணற்று முறைக்காகவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி போவதில்லை. தம்பி வீட்டுத் துக்கத்துக்கு மதினி வருவதில்லை. சிறுபிள்ளைகள் பெரியப்பா என்று வாய்நிறையக் கூப்பிட ஆசைப்பட்டு, அப்பன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறார்கள். கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் போன பணம் அந்த ஒரு முழ மண்ணின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. இதற்கிடையில் நற்கருணை வாங்க இருவரும் ஒரே வரிசையில் வருகிறீர்கள். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகி வரும்படி நமதாண்டவர் கற்பித்தது யாருக்கென்று நினைக்கிறீர்கள்?

வீடு கட்டுகிற கொத்தனாரைக் கேளுங்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மேலாக வானம் தோண்டிக் கட்டினால், சுவர் எத்தனை கனமாயிருந்தாலும் இரண்டே கோடையில் விரிசல் விடும். சரளை தட்டுகிறவரை ஆழத் தோண்ட வேண்டும். குடும்பமும் அப்படித்தான். சொத்தும் அந்தஸ்தும் மேல்மண். மழைக்கும் வெயிலுக்கும் அது அசையும். பொறுமையும் மன்னிப்பும் கீழே கிடக்கிற சரளை. அதுவரை தோண்டாதவன் எவ்வளவு உயரக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினாலும் உள்ளே நிம்மதியாய் உறங்கமாட்டான்.

இனி, அந்த மண்கோட்டையில் இடியாமல் நின்றது ஒன்றைச் சொல்லுகிறேன். நம்மவர் புகழ்ந்து கட்டிய கதையல்ல இது. எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தது. கோட்டை விழுந்த அன்று, பக்கத்து ஊர்த் தாய் ஒருத்தி பிணங்களின் நடுவே தன் மகனைத் தேடிப் போனாள். குற்றுயிராய்க் கிடந்த அவனைக் கண்டு தூக்கப் போனபோது, தான் செத்தாலும் சரி, அருகே காயப்பட்டுக் கிடக்கிற சாமியைக் காப்பாற்றும்படி அவன் கேட்டுக்கொண்டான். சாமி என்றது ஊமைத்துரையை. பெற்ற வயிறு எப்படி எரிந்திருக்கும்! ஆனாலும் அவள் மகன் சொல்லைத் தட்டவில்லை. ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்து, அம்மை கண்டு செத்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிப்போனார்கள். அதே வருஷம் நவம்பர் 16-ந் தேதி ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்த மகன் செய்தது வீணாயிற்று என்று யார் சொல்லுவார்? தன் பிராணனிலும் பிறன் பிராணனைப் பெரிதாக எண்ணுவதே அன்பின் உச்சம் என்று சேசுநாதர் சிலுவையில் காட்டியதன் சாயலை, அவர் பெயரைக் கேட்டறியாத ஓர் ஏழைக் கரிசல்காட்டுப் பிள்ளையிடம் காண்கிறோம். பீரங்கிக்கு எட்டாத கோட்டை அது.

இன்னொரு கோட்டைக்கும் உங்களைக் கூட்டிப்போகிறேன். இத்தாலி தேசத்தில் காஸ்திலியோனே என்றொரு ஊர். அங்குள்ள கோட்டையில் 1568-ல் பிறந்தவர் நம்மில் பலருடைய பெயர்கொண்ட புனிதராகிய அர்ச். ஞானப்பிரகாசியார். பிரபுவின் மூத்த குமாரர். கோட்டையும் சீமையும் அவருக்கே உரியவை. 1585-ல் அத்தனையையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேசு சபையில் சேர்ந்தார். பின்பு அந்தத் தம்பிக்கும் மாந்துவா நாட்டு அதிபதிக்கும் சொல்பெரீனோ என்னும் சீமையைக் குறித்துப் பெரிய வழக்கு மூண்டது. 1589-ல் இவரே ஊர் திரும்பி, இருவரையும் சமாதானப்படுத்தி வைத்தார். தமக்கென்று ஒரு முழமும் கேளாதவர் ஆகையால், இரு தரப்பாரும் அவர் வார்த்தைக்கு இணங்கினார்கள். 1591-ல் ரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைச் சுமந்து சேவை செய்து, 23-ம் வயதில் உயிர் நீத்தார்.

அதே காஸ்திலியோனே ஊரில் 1680-ல் பிறந்தவர்தாம் நம் வீரமாமுனிவர். அந்தப் பச்சை மலைச் சரிவை விட்டு இந்த வேனல்காட்டுக்கு வந்து, நமக்கு அண்மையில் உள்ள காமநாயக்கன்பட்டியில் நம் முன்னோருக்கு ஞானமேய்ப்பராயிருந்தார். கோட்டையை விட்டு வந்தவர்களால் அல்லவோ நாம் விசுவாசம் பெற்றோம்!

ஆகையால், பிரியமானவர்களே, இந்த விடுமுறையில் பிள்ளைகளைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப்போங்கள். அந்தத் தாயையும் மகனையும் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். எல்லைச் சண்டையையும் மறைக்காமல் சொல்லுங்கள். எட்டயபுரத்தார்மேல் பகை மூட்டுவதற்காக அல்ல. பகையே எவ்வளவு பாழ் என்று தெரிவதற்காக. பிறகு ஊர் திரும்பியதும், வழியில் வாங்கிய பண்டத்தில் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, பேச்சில்லாதிருக்கிற அந்தப் பெரியப்பா வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, நீங்களும் கூடவே நடந்துபோங்கள். யார் முதலில் போவது என்று பாராதேயுங்கள். முதலில் போகிறவனே பெரியவன். வாசலில் நின்று, அண்ணே என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். பல வருஷத்துச் சுவர் அந்த ஒரு வார்த்தையில் விழக் காண்பீர்கள்.

சமாதானத்தின் இராக்கினியாகிய தேவமாதா உங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வாளாக. சர்வேசுரன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு