தண்ணீர் நிறுத்திய காடு

கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு தை மாதம். கரும்பு ஆலையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கரும்புக் காட்டில் மண் வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடுகிறதே, பாய்ச்சவில்லையா என்று கேட்டேன். காட்டுக்காரப் பெரியவர் சிரித்தார். "ஒரு மாசமாத் தண்ணி உடலீங்க. இப்ப உட்டம்னா பயிரு வளந்துக்கும். சாறு சப்புன்னு போயிருமுங்க."

பயிர் வளர்ந்துவிடுமே என்று ஒரு விவசாயி பயப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

வெயில் இருக்கும் வரை கரும்புத் தோகை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் ஏற்றித்தரும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்தபடி இருக்கிறது. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் அது தங்குவதில்லை. புதுக் கணுவாக, புதுத் தோகையாக, வேராக அன்றாடம் செலவாகிவிடும். ஈரம் குறைந்து இரவில் பனியும் இறங்கினால் வளர்ச்சி மட்டுப்படும். தோகையோ தன் வேலையை விடுவதில்லை. செலவுக்கு வழியில்லாத அந்த வருமானம் தண்டில் இறங்கி, அடிக்கணுவில் தொடங்கி மேலேறித் தேங்குகிறது. அடிக்கரும்பு தித்திப்பதும் நுனி சப்பென்று இருப்பதும் அதனால்தான். (பொங்கலன்று நுனியிலிருந்து கடிக்கத் தொடங்கும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.)

ஆக, சர்க்கரை என்பது நடக்காமல் போன வளர்ச்சி.

பனையில் இது இன்னும் பட்டவர்த்தனம். பாளை விரிவதற்குள் பனையேறி அதைக் கட்டி, இடுக்கி, நாள்தோறும் நுனியைச் சீவுகிறார். பூவுக்கும் நுங்குக்கும் என்று மரம் மேலே அனுப்பியதெல்லாம் கலயத்தில் சொட்டுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஐரோப்பாவின் சர்க்கரைக் கிழங்கும் இதே கதைதான். அது இரண்டாண்டுப் பயிர். முதலாண்டு கிழங்கில் சேர்த்துவைத்து, மறு ஆண்டு அதைக் கொண்டு பூக்க வேண்டியது. அதிலிருப்பதும் கரும்பிலிருப்பதும் ஒரே சர்க்கரை என்று 1747இல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்கிராஃப் காட்டினார். ஆலைக்குப் போகும் கிழங்கை முதலாண்டே பிடுங்கிவிடுகிறார்கள். அது தன் பூவைப் பார்ப்பதில்லை.

சர்க்கரை ஆலை என்கிறோமே, ஆலை எங்கே சர்க்கரை செய்கிறது? அதைத் தோகை என்றோ செய்து முடித்துவிட்டது. சர்க்கரை அல்லாததை நீக்குவதுதான் ஆலையின் வேலை. அதிலும் அவசரம். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்கு மேல் போட்டுவைத்தால் உள்ளே சர்க்கரை உடையத் தொடங்கும். உடைந்தது பிறகு மணியாகத் திரளாது. பிழிந்த சாற்றில் சுண்ணாம்பு போட்டு அழுக்கைத் திரட்டுவார்கள். கொப்பரைக்காரர்கள் சிலர் வெண்டைத் தண்டை நசுக்கி, அந்தக் கொழகொழப்பை ஊற்றுவார்கள். பெரிய ஆலையில் கந்தகப் புகை, காற்றை உறிஞ்சிய கலன்களில் குறைந்த சூட்டில் கொதிப்பு, பிறகு வேகமாகச் சுழலும் சல்லடை. பாகு வெளியேற, மணி நிற்கும். ஒரு டன் கரும்புக்கு ஏறத்தாழ 90 முதல் 100 கிலோ. மண் கொடுத்த சாம்பல் சத்தெல்லாம் பாகோடும் அழுக்கோடும் போய்விட, வெள்ளைச் சர்க்கரையில் எஞ்சுவது காற்றும் நீரும் வெயிலும்தான்.

சேர்த்துக்கொண்டே போன கரும்புக்கு ஒரு கட்டத்தில் தெம்பு போதவில்லை. வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தடித்த இனிப்புக் கரும்பு தாங்காது. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் அதை எதோடு சேர்த்தார்கள் தெரியுமா? ஆற்றங்கரை நாணலோடு. கிடைத்ததை எல்லாம் வளர்வதிலேயே செலவழித்துவிடும் புல் அது. வாயில் வைத்தால் இனிப்பென்று சொல்ல ஏதும் இராது. அந்தக் கலப்பில் வந்த கோ 205 ரகம் 1918இல் வடக்கே போய்ப் பஞ்சாப் வயல்களில் நின்றது.

கொப்பரையில் பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தபோது என் மூத்த அக்கா நினைவுக்கு வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கைகள் நால்வர் படித்தோம். அவளுடைய குணத்தைச் சொல்லாத உறவினர் கிடையாது. சர்க்கரைக்கட்டி என்பார்கள். ஒரு சுடுசொல் அவள் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை. அந்த இனிப்பில் நாங்கள் வளர்ந்தோம். எந்தக் கணுவில், யார் அவளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை, நானும்தான்.

புறப்படும்போது பெரியவரிடம், அடுத்த நடவுக்குக் கரணை இந்தக் காட்டில்தான் எடுப்பீர்களா என்றேன்.

"இதுல எடுத்தா முளைப்பு சரியா வராதுங்க. விதைக்கு ஆறேழு மாசக் கரும்புதானுங்க வேணும். இனிப்பு ஏறாததா இருக்கோணும்."

வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். தண்டு வெளியே தெரியாமல் தோகை அடர்ந்த இளங்கரும்பு. அந்தக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.