நோயுற்ற தாதிக்குத் தாதி யார்?

2020-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், நமது பெங்களூர் விக்டோரியா மருத்துவமனையின் மீது விமானப் படையின் ஹெலிகாப்டர் மலர் தூவிற்று. கொரோனாக் கொள்ளைநோயில் தொண்டாற்றியோர்க்குச் செய்த மரியாதை அது. அதைக் குறை கூற நாம் யார்? ஆயினும், அதே நாட்களில் செவிலியரை வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு நெருக்கிய வீட்டுக்காரரும் இந்நாட்டில் இருந்தனர். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க, 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரலில் அவசரமாகத் திருத்த வேண்டியும் வந்தது. இவ்விரண்டும் ஒரே வேரினின்று முளைத்தவை என்பது என் துணிபு. தெய்வம் என்று கும்பிட்டவரும், தீட்டு என்று விலக்கியவரும், தாதியை நம்மைப் போல் நோயுறும் உடல் உடையவராகக் காணவில்லை. தீட்டு என்னும் சொல்லின் சூடு நமக்குப் புதிதன்று.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி செவிலியாக இருக்கிறார். 2021 மே மாதத்தில், பிராணவாயுவுக்கும் படுக்கைக்கும் நகரமே தவித்தபோது, அவரே நோயில் விழுந்தார். பின்னர் ஒருநாள் சொன்னார்: "ஐயா, பிறர் விரலில் நான் மாட்டிய ஆக்சிமீட்டரை என் விரலில் மாட்டிக்கொண்டேன். தொண்ணூற்றொன்று காட்டிற்று. மற்றவருக்கு அது வெறும் எண். எனக்கோ அடுத்து வருவதெல்லாம் தெரியுமே!" கற்ற அறிவே அவருக்கு இரண்டாம் நோயாயிற்று. வயது முதிர்ந்த தாய்க்குத் தாமே தொற்றைக் கொணர்ந்தோமோ என்ற அச்சம் காய்ச்சலினும் கொடியதாம். படுத்த நாட்களுக்குச் சம்பளமும் பிடித்தார்களாம். நான் ஆலையில் தறி ஓட்டிய காலத்திலும் அப்படியே. காய்ச்சலில் கிடந்தவனை விசாரிக்க ஒருவரும் வரமாட்டார், அவன் தறிக்குப் பதிலி ஆள் மட்டும் அன்றைக்கே வந்துவிடுவான்.

கேரளத்தில், பேராம்பிரா மருத்துவமனைச் செவிலி லினி, நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்து, 2018 மே மாதம் அந்நோயாலேயே மாண்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கணவருக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதிவிட்டுப் போனார்.

வினய பிடகத்தில் வரும் நிகழ்ச்சி நம் அன்பர்கள் அறிந்ததே. வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். தாம் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, தலைப்புறம் தாமும் கால்புறம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். உபதேசம் பிறகுதான். இவரை ஏன் எவரும் பேணவில்லை என்று வினவியபோது வந்த விடையை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவர் பிறருக்கு உதவியாக இராதவர் என்பதே அவ்விடை. பகவன் அக்கணக்கை ஏற்கவில்லை.

செவிலி நமக்காக உழைத்தார், ஆதலால் அவரைப் பேணுவோம் என்பதும் அக்கணக்கே அன்றோ? நோயுற்ற நாளில் அவர் எவருக்கும் உழைப்பதில்லை. அடுத்த மாதம் திரும்பி உழைப்பார் என்று பேணினால், அது தறிக்கு எண்ணெய் இடுவது போன்றது. "நன்றியும் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், ஆனால் நன்றி கடனைத் தீர்த்தவுடன் எழுந்து போய்விடும். நோயாளியின் அருகே இரவெல்லாம் அமர்ந்திருப்பது வேறொன்று.

எங்கள் தெருச் சகோதரியின் வாசலில், அவர் அடைபட்டிருந்த நாளெல்லாம் கஞ்சி வைத்தவர் முனையில் இட்டிலி விற்கும் மூதாட்டி. அச்சகோதரியிடம் ஒருநாளும் அவர் மருத்துவம் பெற்றவர் அல்லர். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்களாயின், சன்னலுக்கு எட்ட நின்று நலம் விசாரித்துவிட்டு வீடு திரும்பினேன்.