பழி யாருக்கு?

வேல்ஸ் நாட்டின் போர்த் கடற்கரையில் கடல் உள்வாங்கும்போது, 4,500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓக், பைன் மரங்களின் அடிக்கட்டைகள் வெளிப்படுகின்றன. காற்றுப் புகாத ஈரமண் அவற்றை மக்காமல் காத்தது. 2014-இல் புயலலைகள் மணலை அரித்து மேலும் பலவற்றைக் காட்டின.

மதுவில் மயங்கிய காவலன் மதகை மூடத் தவறியதால் அங்கிருந்த நாடே மூழ்கியது என்பது பழங்கதை. பனியுகத்திற்குப் பின் பனிப்பாறைகள் உருகி, கடல்மட்டம் மெல்ல உயர்ந்ததே காடு மூழ்கக் காரணம் என்பது அறிவியல்.

பேரிழப்பு நேரும்போது மனம் ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. பழி சுமத்தினால் துயரம் தணியும் என எண்ணுகிறது. ஆனால் எல்லா இழப்புக்கும் குற்றவாளி இருப்பதில்லை. குற்றமற்றவன்மீது பழி சுமத்தினால், இழப்போடு அநீதியும் சேர்கிறது. காவலன் கதை புகட்டும் விழிப்புணர்வை ஒவ்வொருவரும் தம் கடமையில் கைக்கொள்ளட்டும். பிறரைத் தண்டிக்கும் கோலாக அதை ஏந்த வேண்டாம்.