சரையில் பாதி முத்திரை

யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் இருந்து தின்ற கச்சானின் உருசி மறந்துவிட்டது. அதைச் சுற்றித் தந்த தாளின் மூலையில் இருந்த ஊதா முத்திரை மறக்கமாட்டேன் என்கிறது.

கொழும்பில் வளர்ந்த உறவுப் பிள்ளைகளுக்கு ஊர் காட்டப் போயிருந்தேன். நல்லூர், கோயிலடி ஐஸ்கிறீம், பொது நூலகம், பின்னேரம் கோட்டை. பண்ணைக் காற்றோடு வறுத்த கச்சான் வாசம் வந்தால் யார் கால்தான் நிற்காது? தின்று முடித்துச் சரையை விரித்தேன். அச்சடித்த புத்தகத் தாள். மேல் மூலையில் ரப்பர் முத்திரையின் பாதி: ஒரு வட்டத்தின் வளைவு, இரண்டு மூன்று எழுத்துகளின் அடிக்கால்கள். எந்த வாசிகசாலையோ, எந்தப் பள்ளியோ, மீதி வட்டம் அடுத்தவர் சரையில் போயிருக்கும்.

"அண்ணை, இந்தப் பேப்பர் எங்க எடுக்கிறனீங்கள்?"

"கிலோக் கணக்கில வாங்கிறதுதான். கச்சான் நல்லா இருக்கோ எண்டு சொல்லாமல் பேப்பரைக் கேக்கிறியள்!"

நியாயமான கோபம்.

சரையை விரித்துப் பார்ப்பது அப்பாச்சி பழக்கிய பழக்கம். கடையிலிருந்து சீனியோ மல்லியோ வந்தால் டப்பாவில் கொட்டிவிட்டு, தாளை உள்ளங்கையால் நீவி வாசிப்பார். பாதியில் நிற்கும் கதைகளுக்கு முடிவை அவரே சொல்லுவார். கெட்டவர்கள் எல்லாரும் கடைசியில் திருந்திவிடுவார்கள். எழுதியவர்கள் கேட்டால் சண்டைக்கு வந்திருப்பார்கள். எழுத்துள்ள தாளைக் காலால் மிதித்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றவேண்டும் என்பது அவர் சட்டம். அதே தாளில் பிறகு மீன் செதில் அள்ளிப் போடுவார் என்பதும் உண்மை. அந்த இரண்டும் அவருக்கு முரணாகத் தெரியவே இல்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் வராமல், 'உதயன்' நாளிதழ் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இதழ்களை யாரும் சரை சுற்றவில்லை. தாள் அருமையாக இருந்தபோது மரியாதையும் இருந்தது என்று எழுத வருகிறது. அப்படி எழுதினால் தடையைப் புகழ்ந்ததாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

அன்று காலை நூலகத்து வெள்ளைச் சரஸ்வதி முன்னால் நின்று பிள்ளைகளுக்கு 1981 மே 31 இரவு அந்த நூலகம் எரிக்கப்பட்டதைச் சொல்லியிருந்தேன். எரிந்தவை சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும். அவர்களும் முகம் வாடிக் கேட்டார்கள். அதனால்தான் அந்தப் பாதி வட்டம் இப்படிக் குத்துகிறதோ?

எரிந்த அந்த நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. எப்போதோ படித்தது. நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பது முதல் விதி, நூலகம் வளர்கின்ற உயிரி என்பது கடைசி விதி. வளர்கின்ற உயிர் பழையதைக் கழிக்கத்தான் செய்யும். நைந்த நூலைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது எந்த நூலகத்திலும் நடக்கிற வேலை. முத்திரைத் தாள் அப்படி முறையாக வெளியே வந்ததாகவே இருக்கலாம். கச்சான் சுற்றுவதும் ஒரு பயன்பாடு என்று வாதாடினால் ரங்கநாதன் சிரித்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

தீ இல்லாமலும் நூல்கள் அழியும் என்று நினைக்கையில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். ஏடு தேடி அலைந்த அவருக்கு எதிராக நின்றவை கறையானும், வீட்டுக்காரர்களின் அசட்டையும். அங்கே ஒருவரும் தீ வைக்கவில்லை. தமிழில் நாம் இழந்தவற்றில் எவ்வளவு பகை கொண்டுபோனது, எவ்வளவு நம் பரணில் உதிர்ந்தது? பிள்ளைகளிடம் முதலாவதை மட்டும் சொன்னேன். அதைச் சொல்வது சுலபம், குற்றவாளி வெளியே இருக்கிறான்.

இப்படி எழுதும்போதே தயக்கமும் வருகிறது. நூலகத்தை எரித்தது ஒரு இனத்தின் நினைவை அழிக்கச் செய்த குற்றம். சரை சுற்றுவது ஒரு மனிதரின் பிழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவன் முதலாவதை இலேசாக்குகிறான். வைக்காமல் விட்டாலோ, அந்தப் பாதி முத்திரைக்கு யாரும் பொறுப்பில்லை. எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாச்சிக்கு இந்தச் சிக்கலே இருந்திராது.

ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வீட்டு அலுமாரியில் பழைய நூலோ, ஊர்க்கோயில் மலரோ, கையெழுத்து இதழோ இருந்தால், எடைக்குப் போடுமுன் அந்தத் திட்டத்தாரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.