பிள்ளையின் படிப்பும் தகப்பனின் கையொப்பமும்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து, சக்கிரீஸ்தில் நான் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருக்கையில், நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வாசலண்டை வந்து நின்றார். உள்ளே வரவும் மனமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை. என்ன விசேஷம் என்று கேட்டேன். "சுவாமி, கடனோடு செத்துப்போனால் அது பாவமா?" என்றார்.

குடித்தோ சூதாடியோ பட்ட கடன் என்று நினையாதேயுங்கள். மகனைப் பொறியியல் படிக்க வைக்கப் பாங்கியில் வாங்கிய கல்விக்கடன் அது. மகன் படித்து முடித்து ஒன்பது வருஷமாகிறது. தகப்பனுக்கு இப்போது 66 வயது. ஒரு குடோனில் இரவுக் காவலிருந்து, வரும் சம்பளத்தில் தவணை கட்டி வந்திருக்கிறார். கடைசி மூன்று மாதமாகக் கட்ட முடியவில்லை. அந்த மூன்று மாதமாக அவர் நன்மை வாங்கவுமில்லை. கடனாளியாயிருக்கிறவன் எந்த முகத்தோடு பீடத்தண்டை போவது என்று தயங்கிக் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. அவருடைய சம்மதத்தோடுதான் சொல்லுகிறேன்.)

நின்ற நிலையில் நான் அன்று சொன்ன பதில் எனக்கே திருப்தியாயில்லை. மூன்று ஆண்டுக்கொருமுறை சுற்றிவரும் இந்தப் பொதுக்கால 23-ம் ஞாயிற்றின் வாசகங்களைப் பிரசங்கத்துக்காக எடுத்துப் பார்த்தபோது, அவருடைய கேள்வி அவற்றிலேயே இருக்கக் கண்டேன்.

இன்றைய சுவிசேஷத்தில் சேசுநாதசுவாமி கோபுரம் கட்டுகிறவனைப்பற்றிப் பேசுகிறார். கட்டத் தொடங்குமுன் அவன் உட்கார்ந்து, முடிக்கப் பணம் போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். பாராமல் அஸ்திவாரம் போட்டு நிறுத்தினால் காண்பவர்கள் நகைப்பார்கள். இந்த உவமையைக் கேட்டதும் என் மனச்சாட்சி என்னையே முதலில் குத்தியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வேறொரு பங்கில், "கடன் வாங்கியாவது பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று பிரசங்கித்தவன் நான்தான். படிக்க வையுங்கள் என்றது தவறல்ல. இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள் என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு. ஆகையால் காலந்தாழ்ந்தாவது இப்போது கணக்குப் பார்ப்போம்.

நான்கு வருஷப் படிப்பு. வருஷத்துக்கு ஒரு லட்சமாக நான்கு லட்சம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். மெய்தான். ஆனால் தவணை உறங்கினாலும் வட்டி உறங்குவதில்லை. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் அந்த ஐந்து வருஷத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சேர்ந்துவிடும். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். அதைப் பதினைந்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 5,800 ரூபாய். கட்டி முடிக்கையில் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். தகப்பன் 50 வயதில் கையொப்பமிட்டானாகில் கடைசித் தவணை கட்டும்போது அவனுக்கு வயது 70. இந்தக் கடைசி வரியை எந்தத் தகப்பனும் எழுதிப் பார்ப்பதில்லை. மகனுக்கு வேலை கிடைக்கும், மகன் கட்டிவிடுவான் என்ற நம்பிக்கையில் பேனாவைப் பிடிக்கிறான்.

அவன் இட்ட கையொப்பம் இன்னதென்றும் தெரிந்துகொள்ளுங்கள். அநேகர் அதைச் சாட்சிக் கையெழுத்து என்று எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. 2001-ம் ஆண்டு வகுக்கப்பட்டு, பின்பு பலமுறை திருத்தப்பட்ட கல்விக்கடன் திட்டத்தின்படி, தாயோ தகப்பனோ பிள்ளையோடு கூட்டாகக் கடன் வாங்குகிறவர். ஈடாக வீட்டுப் பத்திரம் வைக்கவில்லையே என்று ஆறுதலடைகிறவர்கள், தங்களையே ஈடாக வைத்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். வெறும் ஜாமீன் நின்றவனையுங்கூட, கடன் வாங்கினவனுக்குச் சமமான பொறுப்பாளியாகவே 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வைத்திருக்கிறது.

இது நம் ஏழைத் தேசத்துக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. ஐசுவரியமுள்ள அமெரிக்காவிலே 1980 முதல் பெற்றோர் பேரிலேயே கல்விக்கடன் கொடுக்கும் திட்டம் இருந்துவருகிறது. 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாம் படிக்க வாங்கிய கடனைத் தீர்க்க முடியாத ஒரு முதியவருடைய வழக்கில், கடன் பத்து வருஷத்துக்கு மேற்பட்டதானாலும், வயோதிகத்தில் அரசாங்கம் அவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நரைத்த தலைக்கும் படிப்புக்கடனுக்கும் சம்பந்தமில்லை என்று இனி எந்தத் தேசத்திலும் சொல்வதற்கில்லை.

இப்போது இரண்டாம் வாசகத்துக்கு வாருங்கள். அர்ச். சின்னப்பர் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் மொத்தம் 25 வசனந்தான். எஜமானிடமிருந்து ஓடிப்போன ஒனேசிமுஸ் என்ற அடிமையை, சிறையிலே தாம் ஞானமுறையில் பெற்ற பிள்ளை என்று அழைத்து, அடிமையாயல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடி அனுப்புகிறார். பூசையில் நாம் வாசிப்பது 17-ம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டிலே வேதாகமத்தை எடுத்து அடுத்த இரண்டு வசனத்தையும் வாசியுங்கள். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் எழுதும், நானே தீர்க்கிறேன் என்று எழுதி, அதைத் தம் கைப்பட எழுதுவதாகவும் சொல்லுகிறார். அதே நிருபத்தில் சற்று முன்னே, தாம் வயது சென்றவர் என்றும் குறிப்பிடுகிறார். கையிலே விலங்கு, பையிலே காசில்லை. அப்படிப்பட்ட கிழவர் ஒருவர் பிள்ளையின் கடனுக்குக் கையொப்பமிடுகிறார்!

இதைத்தான் அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, நீர் இட்ட கையொப்பம் அர்ச். சின்னப்பர் இட்டது போன்ற கையொப்பம். அதற்காகப் பீடத்தைக் கண்டு வெட்கப்படாதேயும். குருமடத்தில் நாங்கள் படித்த ஒழுக்க சாஸ்திரம் தெளிவாயிருக்கிறது: கையிலிருந்தும் கொடாதவன் ஏழாங் கற்பனையை மீறுகிறான், கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாதவன் மீறுவதில்லை. கடமை அழிந்துபோகாது, ஆனால் இயலாமை இருக்குமட்டும் அது காத்திருக்கும். இயலாததற்கு எவனும் கடமைப்பட்டவனல்ல. ஆகையால் இப்படிப்பட்ட கடனோடு செத்துப்போவது பாவமல்ல. நாம் செத்தபின் கடன் மனைவி பிள்ளைகளின் கழுத்தில் விழுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பத்திரத்தில் தாங்களும் கையொப்பமிடாத வாரிசுகள், செத்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பாளிகள். கையொப்பமிட்ட மகனோ, வாரிசாக அல்ல, கடனாளியாகவே நிற்கிறான்.

அவனிடந்தான் எனக்குப் பேச்சு அதிகம்.

வேலையில்லாத பிள்ளைகளை நான் சொல்லவில்லை. பொறியியல் படித்துவிட்டு உணவுப் பொட்டலம் சுமந்து வீடு வீடாய்க் கொடுக்கிறவர்கள் நம் பங்கிலே இருக்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்த பெண்பிள்ளை தனியார் மருத்துவமனையில் வாங்கும் தொடக்கச் சம்பளத்தில், விடுதிக்குக் கொடுத்ததுபோக என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சர்வேசுரன் வழி திறக்கட்டும். அவர்கள் மாதம் 500 ரூபாய் அனுப்பினாலும் அது விதவையின் காசு. நான் சொல்வது சம்பாதிக்கிற பிள்ளையை. பட்டணத்தில் வீட்டுக்கடன் தவணையைத் தேதி தவறாமல் கட்டுகிறான்; வாகனக்கடன் தவணையும் அப்படியே. ஏனென்றால் தவறினால் நோட்டீசு வரும். ஊரிலுள்ள கல்விக்கடனை மட்டும் "அப்பா பார்த்துக்கொள்கிறார்" என்று விட்டுவிடுகிறான். ஏனென்றால் அப்பா நோட்டீசு அனுப்பமாட்டார்.

ஜாமீன் நின்று அழிந்துபோனவர்களைப்பற்றிச் சீராக்கின் ஆகமம் 29-ம் அதிகாரத்தில் பேசுகிறது. உனக்காக ஜாமீன் நின்றவனுடைய உபகாரத்தை மறவாதே, அவன் உனக்காகத் தன் உயிரையே கொடுத்தான் என்பது அங்குள்ள கருத்து. இன்றைய சுவிசேஷத்தில் தாய் தகப்பனை வெறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதே என்று கெட்டிக்காரத்தனமாய்க் கேட்பவர்களும் உண்டு. ஆண்டவரைவிட அவர்களை அதிகமாய் நேசிக்கலாகாது என்பதே அதன் பொருள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவாலயக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைச் சேசுநாதர் எவ்வளவு கடுமையாய்க் கண்டித்தார் என்பது அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே நானும் சும்மாயிருக்க முடியாது. வருகிற திருவிழாவுக்குத் தேர்ச் செலவு, கொடிமரச் செலவு என்று வெளியூரிலிருந்து பெரிய தொகை அனுப்பும் பிள்ளைகளிடம் இனி ஒரு கேள்வி கேட்பேன்: ஊரிலே உன் தகப்பன் உன் படிப்புக்கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறாரா? ஆம் என்றால் அந்தக் காணிக்கையை வாங்கமாட்டேன். தேர் சற்றுச் சிறியதாயிருந்தாலும் தேவமாதா கோபிக்கமாட்டாள். கோயில் கமிட்டியார் என்மேல் வருத்தப்படுவார்கள், படட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் வேறொரு சிக்கல். கலியாணப் பேச்சில் கடனை மறைத்துவிடுகிறார்கள். பின்பு மாப்பிள்ளை வீட்டார், படிக்கவைத்தது உங்கள் கடமை, சம்பளம் எங்கள் வீட்டுக்கு என்கிறார்கள். ஓலை வாசிக்க என்னிடம் வரும்போதே இரு வீட்டாரும் இதைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள். அவள் பட்ட கடனை அவள் சம்பளத்திலிருந்து தீர்ப்பது நியாயம். அதைத் தடுக்கும் கணவனும் அந்த அநியாயத்தில் பங்காளி.

பாங்கியாரைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொடுத்ததைக் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் கேட்பதற்கும் முறையுண்டு. கடன் கொடுத்தவன் அடைமானம் வாங்கக் கடனாளியின் வீட்டுக்குள்ளே நுழையலாகாது, வெளியே நிற்க வேண்டும் என்று உபாகமம் 24-ம் அதிகாரத்தில் சர்வேசுரனே வரம்பு கட்டியிருக்கிறார். நம் ரிசர்வ் பாங்கியும் 2022-ல், வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. அந்நேரத்தில் அழைத்தால் தேதியையும் மணியையும் எழுதிவைத்து, கிளை மேனேஜரிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். கடிதம் வந்தால் பிரிக்காமல் பெட்டியில் போட்டு மூடாதேயுங்கள். தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேட்கலாம். லோக் அதாலத்தில் சமரசமாய் முடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் சமரசம் செய்யுமுன் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முன்பு படிக்காமல் கையொப்பமிட்டது போதும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின், வின்சென்ட் தே பவுல் சபையார் இருவரும், பாங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நம் பங்கினர் ஒருவரும் பள்ளிக்கூடத்தின் முதல் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்புத்தகம், கடன் பத்திரம், வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். கதவு சாத்தியிருக்கும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. இந்த வருஷம் பிள்ளைகளுக்குக் கடன் வாங்க எண்ணியிருப்பவர்களும் வரலாம்; கோபுரத்தின் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவார்கள்.

அந்தப் பெரியவர் சென்ற ஞாயிறு நன்மை வாங்கினார். அவர் கேட்டுக்கொண்டபடி மகனுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தையும் உறையில் வைத்து அனுப்பினேன். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.