உன் நாற்காலியைக் காலி செய்யாதே!

"அவன் என்னை அவாய்ட் பண்றான்." இந்த ஆங்கிலச் சொல் நம் வீட்டுப் பேச்சில் கலந்து எத்தனையோ காலமாயிற்று. எண்ணெய்ப் பலகாரத்தை அவாய்ட் பண்ணச் சொல்கிறார் டாக்டர். கடன் கொடுத்தவரின் போனை அவாய்ட் பண்ணுகிறான் நண்பன். தம்பி, தங்கையே, நீ எதை அவாய்ட் பண்ணிக்கொண்டிருக்கிறாய்?

அந்தச் சொல்லின் பிறப்பைக் கேள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது அது. வெறுமையைக் குறிக்கும் 'வாய்ட்' அதன் வயிற்றிலேயே இருக்கிறது. காலி செய்வது என்பதுதான் அதன் பழம்பொருள். ஆங்கிலச் சட்டமொழியில் ஓர் ஒப்பந்தத்தை அவாய்ட் செய்தார்கள் என்றால், அதைச் செல்லாததாக்கிவிட்டார்கள் என்று இன்றும் பொருள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வயிற்றுவலி என்று சொல்லி நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் இருந்தாயே, அன்று உனக்காகப் போட்டிருந்த நாற்காலியை நீயே காலி செய்தாய்!

ஒதுங்குவதெல்லாம் கோழைத்தனமா? கிடையாது. குடியைத் தவிர், சூதாட்டத்தைத் தவிர். தீயது என்று தெரிந்து விலக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் 'எஸ்சூ' என்று தனிச்சொல்லே உண்டு. செய்தே தீர வேண்டிய வேலையிலிருந்து நழுவுவதற்குப் பெயர் 'ஷர்க்'. வரி விஷயத்தில் 'அவாய்ட்' சட்டத்துக்கு உட்பட்டது, 'இவேட்' குற்றம். வரி தவிர்ப்பு, வரி ஏய்ப்பு என்று நாமும் பிரித்தே சொல்கிறோம். தவிர்ப்பவன் வேறு, தட்டிக்கழிப்பவன் வேறு. நீ யார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்!

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்த இளைஞர் காந்தி, பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்காக எழுந்தார். தலை சுற்றியது, நா எழவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். தைரியம் வரும்வரை வழக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்தியர்களைத் திரட்டிக் கூட்டம் போட்டார், எழுந்து பேசினார். அவர் வாழ்க்கையின் முதல் பொதுமேடைப் பேச்சு அது! அதோடு விட்டாரா? ஆங்கிலம் கற்க விரும்பிய ஒரு முடிதிருத்துநருக்கும், ஒரு குமாஸ்தாவுக்கும், ஒரு சிறு கடைக்காரருக்கும் அவர்கள் இருக்குமிடம் தேடிப் போய்க் கற்றுக்கொடுத்தார். வாடிக்கையாளரிடம் பேசும் அளவுக்கு வந்தால் போதும் என்பது முடிதிருத்துநரின் ஆசை. கத்தரியும் கையுமாக நிற்பவருக்கு அந்த ஆசை வந்ததே! டிகிரி வைத்திருக்கும் உனக்கு ஆங்கிலம் பேச என்ன தடை?

இலக்கணம் தப்பிவிடும் என்றா பயம்? இதோ, இந்தச் சொல்லையே எடுத்துக்கொள். 'அவாய்ட் டு ஸ்பீக்' தவறு, 'அவாய்ட் ஸ்பீக்கிங்' சரி. அவாய்டுக்குப் பின்னால் வரும் வினையோடு 'இங்' சேர வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிடத்தில் தீர்ந்த பிழை! இதற்கு அஞ்சியா இத்தனை வருடம் வாயைப் பூட்டி வைத்திருந்தாய்? பிழையோடு பேசு. யாராவது சிரித்தால், எது சரி என்று அவரிடமே கேள்.

மறுபடியும் ஓர் அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது என்றாயே, காலை பத்து மணிக்கு என்று. சட்டையை இன்றைக்கே தேய்த்து வை.