கப்பலுக்குப் பெயரிடும் சடங்கு: திணையும் பொறுப்பும்

புதிதாகக் கட்டிய கப்பலை நீரில் இறக்கும் நாளில் அதற்குப் பெயர் சூட்டி, அதன் முகப்பில் மதுப்புட்டியை உடைப்பது மேலைநாட்டு வழக்கம். இந்தியக் கடற்படையில் தேங்காய் உடைத்தலும் அதர்வ வேதம் ஓதுதலும் இடம்பெறுகின்றன. பொருள்கள் வேறுபடினும் செயல் ஒன்றே. இரும்பாலும் மரத்தாலும் ஆன ஒன்று, ஒரு சொல்லால், காக்கப்பட வேண்டிய உயிரைப்போல உயர்த்தப்படுகிறது. இவ்வுயர்த்தல் வெறும் புனைவா, அன்றி உயர்த்தியவர்மீது கடமை எதனையும் சுமத்துகிறதா என்பது ஆராயத்தக்கது.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1962இல் நூலாயின. சொல்லே செயலாதலை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் கப்பலுக்குப் பெயரிடுதலும் ஒன்று. அச்சொல் மெய்யுமன்று, பொய்யுமன்று, அது செயல். உரிமையில்லாத ஒருவன் புட்டியைப் பறித்து உடைத்து வேறொரு பெயரைக் கூவினால் அப்பெயர் செல்லாது. இந்த அளவில் ஆஸ்டினைப் பலரும் எடுத்தாள்வர். ஆயின் அவர் வகுத்த நிபந்தனைகளுள், பின்விளைவுகளைக் கொண்ட சொற்செயல்களில் சொன்னவர் பிற்பாடும் அதற்கேற்ப ஒழுக வேண்டும் என்பதும் உண்டு. வாக்குறுதி அளித்தவனுக்கு இது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. பெயர் சூட்டியவருக்கும் பொருந்துமா? சடங்கில் பெயரோடு, கப்பலும் அதில் செல்வோரும் நலமுற வேண்டும் என்ற வாழ்த்தும் சொல்லப்படுகிறது. ஊரறிய அவ்வாறு வாழ்த்தியவர்கள், தம்மால் இயன்ற காப்பைச் செய்யாது விட்டால், அவ்வாழ்த்து பொய்த்த வாக்குறுதிக்கு நிகராகும்.

சடங்கு செய்யாமையால் கேடு வரும் என்ற நம்பிக்கைக்கு டைட்டானிக்கையே சான்று காட்டுவர். 1911 மே 31 அன்று பெல்பாஸ்டில் அக்கப்பல் புட்டி உடைக்கப்படாமலே நீரில் இறங்கியது உண்மை. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் வழக்கமே அதுதான். அதே முறையில் 1910 அக்டோபர் 20 அன்று இறங்கிய உடன்பிறப்புக் கப்பலான ஒலிம்பிக், 1911 முதல் 1935 வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. டைட்டானிக்கின் இறுதிப் பயணத்தில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம். இக்கணக்கை விட்டுவிட்டுப் புட்டியைப் பேசுவது, குற்றத்தை விதியின்மேல் ஏற்றும் எளிய வழி.

டைட்டானிக் நீரில் இறங்கிய நாளிலேயே ஒரு சாவின் காரணம் நிகழ்ந்தது. கப்பலைத் தாங்கியிருந்த மரமுட்டுகளை அகற்றும்போது ஜேம்ஸ் டாபின் என்னும் தொழிலாளி அவற்றினடியில் சிக்கி, மறுநாள் இறந்தார். அறுபத்திரண்டு நொடிகளில் கப்பல் நீரைத் தொட்டதை எழுதுவோர் பலர். டாபினை எழுதுவோர் சிலர்.

ஈண்டுத் தமிழ் இலக்கணம் உதவுகிறது. ஆங்கிலத்தில் கப்பலைப் பெண்பாலாகச் சுட்டுவது மரபு. தமிழிலோ எத்துணைச் சிறப்பான பெயர் பெற்றாலும் கப்பல் அஃறிணையே. வந்தது என்றே முடிக்க வேண்டும். எனினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணை மயங்கிவரின் அதனை வழுவமைதியாக நன்னூல் ஏற்கிறது. பசுவை உவந்து தாயெனல் இவ்வகை. பெயரிடும் சடங்கையும் மேடையேறிய திணை வழுவமைதி எனலாம். வழுவென்று அறிந்தே, காரணம் கருதி ஏற்பது அது. ஆனால் அதே பட்டியலில் இழிப்பும் உள்ளது என்பது மறக்கத்தக்கதன்று. ஒரே துறையில், ஒரே நாளில், இரும்பு உயர்திணை ஆகும்போது அதன் அடியில் நின்ற மனிதன் மரமுட்டுகளோடு எண்ணப்படும் பொருளாகிவிடலாம். உவப்பின் வழு ஏற்கத்தக்கது. மற்றது இலக்கணத்தில் அமைந்தாலும் அறத்தில் அமையாது.

1898 ஜூன் 21 அன்று லண்டன் பிளாக்வாலில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. ஆல்பியன் என்னும் போர்க்கப்பலுக்கு யார்க் கோமகள் பெயர் சூட்டினார். புட்டி உடையவில்லை என்பர். தீக்குறி என்று பின்னர்ப் பேசப்பட்டது. கப்பல் சரிந்து இறங்கியபோது எழுந்த அலை, கூட்டம் நெருக்கி நின்ற மரப்பாலம் ஒன்றைச் சிதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பெண்களும் குழந்தைகளும். ஆரவாரத்தில் அவர்களுடைய அலறல் மேடைவரை எட்டவில்லை. கப்பலுக்கோ ஒரு கேடும் இல்லை. முதல் உலகப் போரிலும் அது பணியாற்றியது. தீக்குறி என்று ஒன்று இருந்திருந்தால் அது புட்டியில் இல்லை, பாலத்தின் கால்களில் இருந்தது. அதனைப் பார்க்க வேதமோ வாழ்த்தோ வேண்டியதில்லை.

சடங்கைக் கைவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படுவதன்று. கடல் மனிதனின் கணக்கை மீறியது என்று பணிவோடு ஒப்புக்கொள்ள, பொறியியல் ஆவணங்களில் இடமில்லை, சடங்கில் உண்டு. இடர்ப்பாடு, அவ்வொப்புதலையே கடமை முடிந்ததற்கான பற்றுச்சீட்டாகக் கொள்வதில்தான். கொச்சியில் விக்ராந்துக்கு 2013 ஆகஸ்ட் 12 அன்று எலிசபெத் அந்தோணி பெயர் சூட்டினார். கடலில் அதன் முதற்சோதனை 2021 ஆகஸ்டில் நடந்தது. கடற்படை அதனை ஏற்றது 2022 செப்டம்பர் 2 அன்று. பெயருக்கும் பணிக்கும் இடையே ஒன்பது ஆண்டு உழைப்பு கிடக்கிறது.

இச்சோதனைக்குத் தமிழில் வழங்கும் சொல் வெள்ளோட்டம். புதுத்தேருக்கும் அதுவே சொல். முதலில் வெறுந்தேரை வீதியில் இழுத்து, அச்சும் சக்கரமும் தாங்குகின்றனவா என்று பார்ப்பர். தெய்வம் ஏறுவது அதன் பின்னரே.